100 ஆம்பியர் ஃபியூஸை முதலில் கழற்றிவிடுங்கள்

கேள்வி: காரில் நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். பெட்டியில் 1200 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டில் 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருக்கின்றன. முன் சேனல்களில் கதவு ஸ்பீக்கர்கள். பின் சேனல்கள் இரண்டையும் சேர்த்து, தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் ஸ்பீக்கர் ஒன்று. வயர் தொகுப்போடு வந்த 8 கேஜ் வயரையும் 60 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸையும் போட்டிருந்தேன். ஒரே மாதத்தில் இரண்டு முறை ஃபியூஸ் போய்விட்டது. பொருத்தித் தந்தவர் 100 ஆம்பியர் போட்டுவிட்டார். அதன் பிறகு பிரச்சினை இல்லை. இது சரிதானா? சரியான ஃபியூஸை எப்படிக் கணக்கிடுவது?

பதில்: சரியில்லை. மீதியைப் படிப்பதற்கு முன் பானட்டைத் திறந்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அந்த 100 ஆம்பியர் ஃபியூஸை வெளியே எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் பாட்டில்லாமல் வண்டி ஓட்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. இப்போது பிரச்சினை இல்லை என்கிறீர்கள். பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. அதைச் சொல்லிக்கொண்டிருந்த ஃபியூஸின் வாயை அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இவ்வளவு பதற்றத்தோடு எழுதக் காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் காரில் பிளாஸ்டிக் கருகும் வாசனை வருகிறது என்று தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தோம். இருக்கை நகரும் தண்டவாளத்துக்கு அடியில் ஓடிய சிவப்பு வயரின் உறை ஒரு முழ நீளத்துக்கு இளகி, விரிப்பின் அடிப்பஞ்சோடு ஒட்டிப்போயிருந்தது. அங்கேயும் 8 கேஜ் வயர்தான் (கேஜ் என்பது வயரின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் சிறிதானால் வயர் தடிமன்). அதற்குப் போட்டிருந்த ஃபியூஸ் 150 ஆம்பியர். அந்த ஃபியூஸ் கடையிலிருந்து அன்றைக்கு வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது. வயர் வெந்துகொண்டிருந்தபோது அதற்கு எதுவுமே தெரியவில்லை.

பேட்டரிப் பக்கத்தில் வைக்கும் பிரதான ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக இல்லை, வயரைக் காப்பதற்காக. ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்ள அதன் உடம்பிலேயே இரண்டு ஃபியூஸ்கள் இருக்கின்றன. ஆனால் அவை இருப்பது வயரின் கடைக்கோடியில். டிக்கியிலிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வயர், வழியில் எங்கோ ஒரு தகட்டு விளிம்பில் உரசி உறை கிழிந்தால், மின்சாரம் அந்த இடத்திலேயே வண்டியின் உடம்புக்குள் பாய்ந்துவிடும். அது ஆம்ப்ளிஃபயர் வரை போகவே போகாது. அங்கிருக்கும் ஃபியூஸ்களுக்கு வேலையே வராது.

12 வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்று பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். உடம்புக்குள் மின்சாரத்தைத் தள்ள 12 வோல்ட் போதாது என்பது உண்மை. இரும்புக்குள் தள்ள அது தாராளம். நல்ல கார் பேட்டரியின் உள் மின்தடை ஓர் ஓமில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும். நேரடியாக ஷார்ட் ஆனால் ஆயிரம் ஆம்பியர் அளவுக்குக் கொட்டக்கூடிய பொருள் அது. ஸ்டார்ட்டர் மோட்டாரை உதைத்துச் சுழற்றுவதற்கென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆகவே ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இருக்க வேண்டும். கார் ஆடியோ துறையில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் வரம்பு 18 அங்குலம், ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவிலுள்ள துண்டு வயருக்கு எந்தக் காவலும் கிடையாது. அந்தத் துண்டு எஞ்சின் அறையின் தடுப்புத் தகட்டைத் தாண்டக் கூடாது. நெளிகுழாய் உறைக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸைப் பார்வைக்கு வசதியாக டிக்கியில் ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே வைப்பதும் வைக்காமலிருப்பதும் வயருக்கு ஒன்றுதான்.

இனி உங்கள் வயரின் கணக்கு. விலை மலிவான தொகுப்புகளில் வருவது பெரும்பாலும் செம்பு பூசிய அலுமினியம். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். செம்பின் கடத்துதிறனில் அது மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. 8 கேஜ் செம்பு வயருக்கு மீட்டருக்குச் சுமார் 2 மில்லிஓம் தடை. அலுமினியத்துக்குச் சுமார் 3.2. பேட்டரியிலிருந்து டிக்கி வரை 5 மீட்டர் என்றால் மொத்தம் 16 மில்லிஓம். வயரில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்று பள்ளியில் படித்தது இங்கேதான் பயன்படுகிறது. 60 ஆம்பியரில் 58 வாட் வெப்பம். 100 ஆம்பியரில் 160 வாட். மீட்டருக்கு 32 வாட். எலெக்ட்ரானிக்ஸ் வேலைக்கு வைத்திருக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் ஏறக்குறைய அதே அளவுதான் தின்கிறது. உங்கள் விரிப்புக்கு அடியில் மீட்டருக்கு ஒன்றாக ஐந்து சால்டரிங் அயர்ன்களைப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் 100 ஆம்பியர் ஃபியூஸ் அசையாது. ஏனென்றால் அதன் கண்ணில் அது இயல்பான வேலைதான்.

ஷார்ட் ஆனால் எப்படியும் ஃபியூஸ் போய்விடுமே என்று கேட்பீர்கள். முழு ஷார்ட் என்றால் போகும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்போது 100 என்ன, 150 ஆம்பியர் ஃபியூஸும் போய்விடும். ஆபத்து அரைகுறை ஷார்ட்டில் இருக்கிறது. உறை லேசாகக் கிழிந்து, பெயின்ட் பூசிய தகட்டில் வயர் உரசிக்கொண்டிருக்கிறது. அந்தத் தொடுதலும் வயருமாகச் சேர்ந்து பத்தில் ஒரு ஓம் தடை என்று வைத்துக்கொள்வோம். 12.6 வோல்ட்டில் 126 ஆம்பியர் பாயும். 60 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது இரண்டு மடங்குக்கு மேல். சில நொடிகளில் அறுந்துவிடும். 100 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது கால் பங்குதான் கூடுதல். பல நிமிடங்கள் தாங்கி நிற்கலாம், அறாமலேயே போகவும் செய்யலாம். அதே நேரம் அந்த உரசும் புள்ளியில் ஆயிரம் வாட்டுக்கும் மேல் எரிந்துகொண்டிருக்கும்.

ஃபியூஸின் மேல் அச்சிட்ட எண்ணைத் தொட்ட மறுகணம் அது அறுந்துவிடும் என்பது தவறான எண்ணம். சாதாரணத் தகட்டு ஃபியூஸ், அளவைவிடப் பத்து சதவீதம் கூடுதலாகப் பாய்ந்தால் நூறு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்பது தர விதி. 35 சதவீதம் கூடினால் பத்து நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். இரண்டு மடங்கு பாய்ந்தால் ஐந்து நொடிக்குள் அறுந்தாக வேண்டும். போல்ட் போட்டு முடுக்கும் பெரிய ஃபியூஸ்கள் இதைவிட நிதானமானவை. உருகி என்று பாடப்புத்தகம் சொல்வது மிகச் சரியான பெயர்: அது மின்னோட்டத்தை எண்ணிப் பார்ப்பதில்லை, சூடேறி உருகுகிறது. சூடேற நேரம் வேண்டும். பாட்டில் டிரம் அடி விழும் கணத்தில் மட்டும் ஆம்ப்ளிஃபயர் 70 ஆம்பியர் இழுத்தாலும், அடுத்த அடி வரும்வரை ஃபியூஸ் ஆறிக்கொள்கிறது. ஆகவே உச்ச ஒலிக்குத் தேவைப்படும் என்று ஃபியூஸைப் பெரிதாக்க அவசியமே இல்லை.

இப்போது தேர்வு செய்யும் முறைக்கு வருகிறேன். இரண்டு எண்கள் போதும்: மேலே ஒரு கூரை, கீழே ஒரு தரை. கூரையைத் தருவது வயர். தரையைத் தருவது ஆம்ப்ளிஃபயர். ஃபியூஸ் இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். நடுவில் இடமே இல்லையென்றால் வயர் போதவில்லை என்று பொருள்; ஃபியூஸைப் பெரிதாக்கி அதைச் சரிசெய்ய முடியாது.

கூரையைப் பொறுத்தவரை, காருக்குள் ஓடும் நல்ல செம்பு வயருக்கு நான் பின்பற்றும் அளவுகள் இவை. 8 கேஜ், அதாவது ஏறக்குறைய 8 சதுர மில்லிமீட்டர் என்றால் 50, அதிகபட்சம் 60 ஆம்பியர். 4 கேஜ், 21 சதுர மில்லிமீட்டர் என்றால் 100 முதல் 125. பூஜ்ய கேஜ், 53 சதுர மில்லிமீட்டர் என்றால் 250. அலுமினியக் கலப்பு வயராக இருந்தால் இவற்றில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: கேஜ் எண் வயரின் மேல் அச்சிட்டிருப்பதாலேயே உண்மையாகிவிடாது. கொழுத்த உறைக்குள் மெலிந்த உலோகத்தை வைத்து விற்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம். நுனியை வெட்டி உலோகத்தின் குறுக்களவைக் கண்ணால் பாருங்கள். சதுர மில்லிமீட்டரில் அளவு எழுதிய வயர் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

தரையைக் கண்டுபிடிக்க எளிய வழி, ஆம்ப்ளிஃபயரில் உள்ள ஃபியூஸ்களைக் கூட்டுவது. உங்களுடையதில் 30, 30, ஆக 60. தயாரித்தவர் தன் கருவி எவ்வளவு இழுக்கும் என்று நேர்மையாகச் சொல்லும் இடம் அது ஒன்றுதான். பெட்டியில் அச்சிட்ட 1200 வாட்டை மறந்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் உள்ளே போவதே 828 வாட்தான். உள்ளே போவதைவிட வெளியே அதிகம் எப்படி வரும்? ஏபி வகை ஆம்ப்ளிஃபயர் என்றால் அதில் பாதி அல்லது அறுபது சதவீதம்தான் ஸ்பீக்கருக்குப் போகிறது. மிச்சம் கருவியின் உடம்பைச் சூடாக்கிக் காற்றில் கரைகிறது. டி வகை என்றால் எண்பது சதவீதம் வரை பயன்படும்.

ஆம்ப்ளிஃபயரிலேயே ஃபியூஸ் இல்லாத பெரிய கருவிகளும் உண்டு. அவற்றுக்கு ஆர்.எம்.எஸ். வாட்டை, அதாவது கருவி தொடர்ந்து தரக்கூடிய வாட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா சேனல்களையும் கூட்டி, செயல்திறனால் வகுத்து, மீண்டும் 13.8 ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். டி வகை, 500 வாட் ஆர்.எம்.எஸ். என்றால் 500 ஐ 0.8 ஆல் வகுக்க 625; அதை 13.8 ஆல் வகுக்க 45 ஆம்பியர். 50 அல்லது 60 ஆம்பியர் ஃபியூஸ் பொருந்தும். தயாரிப்பாளரின் கையேட்டில் ஃபியூஸ் அளவு எழுதியிருந்தால் இந்தக் கணக்கைத் தள்ளிவிட்டு அதையே பின்பற்றுங்கள்.

உங்கள் வண்டியில் கூரை எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா? 8 கேஜ் அலுமினியக் கலப்பு என்றால் 40 ஆம்பியர்; தரை 60. கூரை தரைக்குக் கீழே போய்விட்டது. தொகுப்போடு வந்த 60 ஆம்பியர் ஃபியூஸே அந்த வயருக்கு அதிகம். 100 ஆம்பியரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 4 கேஜ் செம்பு வயரை இழுத்து, 80 ஆம்பியர் ஃபியூஸ் வைப்பேன். 60 ஆம்பியரே போதும் என்று சொல்வோர் உண்டு, அதுவும் தவறில்லை. 80 வைக்கச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். ஆம்ப்ளிஃபயருக்குள் கோளாறு வந்தால் அதன் அருகிலுள்ள 30 ஆம்பியர் ஃபியூஸ்கள் முதலில் போக வேண்டும். அப்போதுதான் கோளாறு எந்தப் பக்கம் என்று ஃபியூஸைப் பார்த்தே சொல்லிவிடலாம். அடுத்தது வெப்பம். ஃபியூஸின் அளவு 25 டிகிரி சூழலுக்குச் சொல்லப்பட்டது. பானட்டுக்கு அடியில் அதைவிட மிகச் சூடான காற்றில் அது முன்னதாகவே அறும். 4 கேஜ் செம்பின் கூரை 100 க்கு மேல் என்பதால் 80 வைத்தாலும் வயர் பத்திரமாகவே இருக்கிறது. புது வயர் வரும்வரை ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்றால், பழைய வயரிலேயே 40 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். போனால் போகட்டும், போவதற்குத்தான் அது இருக்கிறது.

ஆனால் வயரையும் ஃபியூஸையும் மாற்றுவதோடு விட்டுவிடாதீர்கள். பழைய ஃபியூஸ் இரண்டு முறை ஏன் போனது என்பதற்கு விடை வேண்டும். நீங்கள் எழுதியதிலேயே எனக்கு இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன.

முதல் சந்தேகம் சப்வூஃபர். பின் சேனல்கள் இரண்டையும் பிரிட்ஜ் முறையில், அதாவது இரண்டும் சேர்ந்து ஒரே ஸ்பீக்கரை ஓட்டும்படி, சேர்த்திருக்கிறீர்கள். உங்கள் சப்வூஃபரில் 4 ஓம் வாய்ஸ் காயில் (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) இரண்டு இருந்து, அவற்றை இணையாகக் கோத்திருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குத் தெரியும் சுமை 2 ஓம். பிரிட்ஜ் முறையில் ஒவ்வொரு சேனலும் அதில் பாதியைத்தான் பார்க்கும், அதாவது 1 ஓம். நான்கு சேனல் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவை பிரிட்ஜ் செய்தால் 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாதவை. கீழே போனால் கருவி தன் வரம்பைத் தாண்டி இழுக்கும், கொதிக்கும், ஃபியூஸ் போகும். சப்வூஃபரின் வயரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். நேர் மின்தடை பெயரளவு ஓமைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும் என்பதை மனத்தில் வையுங்கள். 2 ஓமுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. இரண்டு காயில்களையும் தொடராக மாற்றிக் கோத்தால் 8 ஓம். ஒலி கொஞ்சம் குறையும், ஆம்ப்ளிஃபயர் பிழைக்கும்.

இரண்டாவது அந்தக் கண்ணாடி ஃபியூஸும் அதன் கூடும். ஏ.ஜி.யூ. எனப்படும் அந்த உருளை ஃபியூஸ், இரண்டு முனைத் தொப்பிகளும் கவ்விகளில் அழுந்தி நிற்பதை நம்பியிருக்கிறது. வண்டியின் அதிர்வில் கவ்வி தளரும், தொடுபரப்பு குறையும், அங்கே தடை பிறக்கும். 10 மில்லிஓம் தடை ஏற்பட்டாலே 60 ஆம்பியரில் 36 வாட் வெப்பம் அந்தச் சிறிய கூட்டுக்குள் அடைபடும். அந்த வெப்பத்தில் ஃபியூஸ் தன் அளவை எட்டாமலேயே அறுந்துவிடும். சில நேரம் இன்னும் மோசமாக, ஃபியூஸ் அப்படியே இருக்கும், கூடு உருகிவிடும். தொடுமுனையில் தடை கூடினால் மின்னோட்டம் கூடுவதில்லை. ஆகவே ஃபியூஸ் அதைத் தடுக்க முடியாது. பழைய கூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் மஞ்சளித்தோ நெளிந்தோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

அதனால் புதிதாக வாங்கும்போது போல்ட் போட்டு முடுக்கும் வகையை வாங்குங்கள். 150 ஆம்பியருக்குள் மினி ஏ.என்.எல். அல்லது மிடி வகை, அதற்கு மேல் ஏ.என்.எல். அல்லது மெகா வகை. சிறிய ஆம்ப்ளிஃபயருக்கு, 60 ஆம்பியர் வரை, பெரிய தகட்டு வடிவில் வரும் மேக்சி ஃபியூஸ் நன்றாகவே உழைக்கும். எதை வாங்கினாலும் ஆம்பியர் அளவோடு நேர் மின்னோட்டத்துக்கான வோல்ட் அளவும் அதில் பொறித்திருக்க வேண்டும். 12 வோல்ட் வண்டிக்கு வழக்கமாக 32 வோல்ட் என்றிருக்கும். வீட்டு மின்சாரத்துக்கான ஃபியூஸைக் கொண்டுவந்து இங்கே வைக்காதீர்கள். மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு நூறு தடவையாவது பூஜ்யத்தைத் தொடுவதால் அறுந்த இடத்தில் எழும் தீப்பொறி தானாக அணைகிறது. பேட்டரி மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை.

கறுப்பு வயருக்கு ஃபியூஸ் வேண்டாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பாசிட்டிவ் வயர் வண்டியின் உடம்பில் பட்டால் மின்சாரம் உடம்பு வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். கறுப்பு வயர் ஃபியூஸ் அதைக் காணாது. போதாததற்கு, அந்த ஃபியூஸ் அறுந்தால் ஆம்ப்ளிஃபயர் தன் திரும்பும் வழியை ஒலி வயரின் மெல்லிய உலோக வலையுறையில் தேடிக்கொண்டு ஸ்டீரியோவையே கெடுத்துவிடும். கறுப்பு வயரைச் சிவப்பின் தடிமனிலேயே எடுத்து, பெயின்ட்டைச் சுரண்டிய வெற்று இரும்பில் முடுக்கினால் போதும்.

பின்னாளில் இரண்டாவது ஆம்ப்ளிஃபயர் வாங்கினால், ஒரு தடித்த வயரை டிக்கி வரை கொண்டுபோய் அங்கே இரண்டாகப் பிரிப்பீர்கள். எங்கே வயர் மெலிகிறதோ அங்கே அந்த மெலிந்த வயருக்கு ஏற்ற ஃபியூஸ் ஒன்று வைக்க வேண்டும். முன்னாலுள்ள 200 ஆம்பியர் ஃபியூஸ், பின்னால் கிளை பிரியும் 8 கேஜ் வயரைக் காப்பாற்றாது.

வேலையை முடிக்கும்போது ஃபியூஸைக் கடைசியாகப் போடுங்கள். அதற்கு முன், ஃபியூஸ் இல்லாத நிலையில், ஆம்ப்ளிஃபயரின் பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். தொடக்கத்தில் சிறிய எண் காட்டி மெல்ல ஏறினால் உள்ளே கெப்பாசிட்டர் நிரம்புகிறது என்று பொருள், நல்லது. பூஜ்யத்திலேயே நின்றால் உள்ளே டிரான்சிஸ்டர் எரிந்திருக்கலாம், அல்லது எங்கோ வயர் நசுங்கியிருக்கலாம். அந்த நிலையில் எந்த ஃபியூஸும் நிற்காது. எல்லாம் சரியென்றால் ஃபியூஸைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, வழக்கமாகக் கேட்கும் ஒலியில் அரை மணி நேரம் பாட்டு ஓடட்டும். பிறகு பானட்டைத் திறந்து, மின்விசிறியிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஃபியூஸ் கூட்டைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம். விரலை வைத்திருக்க முடியாத சூடு என்றால் மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, பாட்டு ஓடும்போதே கூட்டின் இரு பக்கத் திருகுகளுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் அங்கே விழுகிறது என்றால் ஏதோ ஒரு திருகு சரியாக முடுக்கப்படவில்லை. நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வயர் நுனியை வெளியே எடுத்து, சிதறிய இழைகளை முறுக்கிச் சேர்த்து மறுபடி முடுக்குங்கள். ஒரு வாரம் ஓடிய பிறகு அதே திருகுகளை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். புது வயரின் இழைகள் அழுந்தி அமர்வதால் முதல் வாரத்தில் அவை கொஞ்சம் தளர்வது வழக்கம்.